வடிதாளில் தங்காத துணிக்கைகளை நீரோட்டத்தாற் பிரித்தல்

மேலதிக வாசிப்பு: கலவைகளை வேறாக்கல் - பல்பகுதியங்கள்

ஒரு கலவையின் கூறுகளை வேறாக்க வேண்டுமாயின் அக்கூறுகளுக்கிடையே ஏதேனும் ஓர் இயல்பில் வேறுபாடு இருத்தல் வேண்டும். இந்த ஒரு வசனம் மனதிற் பதிந்துவிட்டால் இவ்வலகில் மனனம் செய்ய வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும். மணலையும் உப்பையும் பிரிக்கும்போது நீரிற் கரையும் தன்மையிலுள்ள வேறுபாட்டைப் பயன்படுத்துகின்றோம். இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் பிரிக்கும்போது காந்த இயல்பைப் பயன்படுத்துகின்றோம். காய்ச்சி வடித்தலில் கொதிநிலை உதவுகின்றது. கடதாசி நிறப்பதிவியலில், அதாவது குரோமற்றோகிராபியில், கூறுகள் கடதாசியிலும் கரைப்பானிலும் கொண்டுள்ள நாட்டம் வேறுபடுவதே அடிப்படையாகும். எனவே எந்த முறையைப் பற்றி வினவப்பட்டாலும் "இங்கு எந்த இயல்பு வேறுபடுகின்றது?" என்று முதலிற் கேட்டுப் பாருங்கள்.

கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதி மாணவர்கள் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தோட்டத்து ஸ்டோருக்குள் ஒருமுறை போய்வந்தாற் போதும். காய்ந்த தேயிலை வெவ்வேறு துளையளவுள்ள சல்லடைகளில் அரிக்கப்பட்டு பீ.ஓ.பி., பீ.ஓ.பி.எப்., டஸ்ட் எனத் தரம் பிரிக்கப்படுகின்றது. இங்கு வேறுபடும் இயல்பு பருமன் ஆகும். தேயிலையுடன் கலந்துள்ள நாரையும் தண்டுத் துண்டுகளையும் அகற்றுவதற்கு, உராய்வினால் மின்னேற்றப்பட்ட உருளைகளுக்குக் கீழாகத் தூள் செலுத்தப்படும். நார் உருளையில் ஒட்டிக்கொள்ள, தேயிலை கீழே சென்றுவிடும். அது நிலைமின்னியலின் பிரயோகம். பாரமான தூளையும் இலேசான தூளையும் காற்றோட்டத்தில் விட்டுப் பிரிக்கும் பொறியும் உண்டு. வீட்டில் அம்மா சுளகில் அரிசி புடைப்பதும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்ததே.

இம்முறைகள் யாவும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குரியவை. கண்ணுக்கும், ஆய்வுகூட ஒளி நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத துணிக்கைகளை எவ்வாறு பருமன்படி பிரிப்பது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

கலங்கிய நீரில் உள்ளவை

தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் பீலித் தண்ணீரும் ஓடை நீரும் செந்நிறமாகக் கலங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீரை 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து அசையாமல் வையுங்கள். 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணற்றுணிக்கை ஒன்று மேலிருந்து அடிக்கு வர ஏறத்தாழ 12 செக்கன்கள் போதும். 1 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள களித்துணிக்கைக்கோ ஒரு நாளுக்கு மேல் தேவைப்படும். விட்டம் 100 மடங்கு குறையும்போது வீழும் வேகம் 10,000 மடங்கு குறைகின்றது என்பதைக் கவனிக்க. துணிக்கை இன்னும் சிறிதாகி 100 நனோமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால், நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதி அதனை அலைக்கழிக்கும். அது அடையாமலே இருந்துவிடும். (1 மில்லிமீற்றர் 1000 மைக்ரோமீற்றருக்கும், 1 மைக்ரோமீற்றர் 1000 நனோமீற்றருக்கும் சமன். இதனைத் தவறாக எழுதிப் புள்ளிகளை இழக்கும் மாணவர் பலர்.)

வடிகட்டினால் என்ன? சாதாரண வடிதாளின் துளைகள் பெரும்பாலும் சில மைக்ரோமீற்றர் முதல் 20 மைக்ரோமீற்றர் வரையான பருமனுடையவை. ஆகவே நுண்ணிய களி தாளினூடாகச் சென்றுவிடும். வடிதிரவம் இன்னும் கலங்கலாக இருப்பதன் காரணம் இதுவே. துணியால் வடித்த நீர் தெளிந்து தோன்றினாலும் பற்றீரியாக்கள் அதில் இருக்கலாம்; அவற்றின் பருமன் ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர்தான். கொதிக்க வைத்துப் பருகும்படி சொல்வதற்குக் காரணம் இருக்கின்றது.

கினிகத்தேனைக்கு அருகில் அபர்டீன் நீர்வீழ்ச்சியாக விழும் கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி ஆறாகிக் கித்துல்கலை வழியே கீழே செல்கின்றது. அதே ஆற்று நீர்தான் கொழும்புக்கு அருகே அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு இலட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீராகின்றது. இத்தகைய சுத்திகரிப்பில் படிகாரம் சேர்க்கப்படும். மறை ஏற்றம் கொண்ட களித்துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுவதாலேயே அவை தனித்தனியே மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியத்தின் நேர் அயன்கள் அந்த ஏற்றத்தை நடுநிலையாக்க, துணிக்கைகள் திரண்டு பெரிதாகி அடைகின்றன.

குடிப்பதற்கு இது போதும். ஆனால் ஆற்று நீரில் எப்பருமனுள்ள துணிக்கைகள் எவ்வளவு இருந்தன, அவற்றில் எது எந்தப் பொருளைச் சுமந்து வந்தது என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்குப் படிகாரம் உதவாது. அது சிறிதையும் பெரிதையும் ஒன்றாகக் கட்டி இறக்கிவிடுகின்றது. சுமந்து வருவதை ஏன் அறிய வேண்டும்? ஒரே திணிவுள்ள களியை எடுத்துக்கொண்டால், துணிக்கை சிறிதாகச் சிறிதாக மொத்த மேற்பரப்பு அதிகரிக்கும். மலைச்சரிவில் இட்ட பசளையின் பொசுபேற்றும், சில பீடைகொல்லிகளும், உலோக அயன்களும் அந்த மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஆற்றோடு பயணம் செய்கின்றன. அடையாத துணிக்கையே அதிக தூரம் செல்லும்.

இறப்பர் பாலும் அப்படியே

மலையிலிருந்து இறங்கி யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் சென்றால் தேயிலை குறைந்து இறப்பர் மரங்கள் தென்படும். 1876 இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளுடன் இலங்கையில் தொடங்கிய பயிர் அது. மரத்திலிருந்து வடியும் பால் உண்மையான கரைசல் அன்று; அது ஒரு கூழ் ஆகும். ஏறத்தாழ 100 நனோமீற்றர் முதல் சில மைக்ரோமீற்றர் வரை விட்டமுள்ள இறப்பர்த் துணிக்கைகள் நீரிலே பரந்துள்ளன. புரதங்களும் இலிப்பிட்டுகளும் அவற்றைச் சூழ்ந்து மறை ஏற்றம் அளிக்கின்றன. அசற்றிக்கமிலம் அல்லது போமிக்கமிலம் சேர்த்தால் இறப்பர் திரள்கின்றது. அமோனியா சேர்த்தால் திரளாமல் இருக்கின்றது. களிக்கும் இறப்பருக்கும் கதை ஒன்றுதான் என்பதைப் பாருங்கள். கையுறை செய்வதற்கான செறிந்த பாலைப் பெற மையநீக்கியைப் பயன்படுத்துவர். இறப்பர் நீரிலும் அடர்த்தி குறைந்தது என்பதால் மையப்பக்கம் சேரும். 30 சதவீதமளவில் இறப்பர் கொண்டிருந்த பால் 60 சதவீதமாகச் செறிவடையும்.

ஒவ்வொரு துணிக்கைக்குள்ளும் இருப்பது பொலிஐசோப்பிரீன் என்னும் பல்பகுதியம். இதன் ஒருபகுதியமான ஐசோப்பிரீனின் சார் மூலக்கூற்றுத் திணிவு 68. ஒரு சங்கிலியில் 10,000 அலகுகள் இருப்பின் அச்சங்கிலியின் சார் மூலக்கூற்றுத் திணிவு 680,000 ஆகும். ஆனால் எல்லாச் சங்கிலிகளும் 10,000 அலகு கொண்டவையல்ல. நீரை எடுத்தால் எந்த மூலக்கூறும் 18 தான். பல்பகுதியத்தை எடுத்தாலோ குட்டையும் நெட்டையுமாகப் பல சங்கிலிகள் ஒரே மாதிரியிற் கலந்திருக்கும். நீண்டவை மிகுந்தால் இறப்பர் உறுதியாக இருக்கும், ஆயினும் இயந்திரத்தில் பிசைவது கடினம். குறுகியவை மிகுந்தால் பிசைவது இலகு, வலிமை குறையும். டயரா, செருப்பா, கையுறையா என்பதைப் பொறுத்து எது நல்லது என்பது மாறும். எனவே சராசரி ஒன்றை மட்டும் அறிதல் போதாது. சங்கிலிகளை நீளப்படி பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

ஓடும் நீரே சல்லடை

இதற்கான ஒரு முறையை ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் கெல்வின் கிடிங்ஸ் 1966 இல் முன்மொழிந்தார். ஆங்கிலத்தில் "பீல்ட் புளோ பிராக்சனேசன்" எனப்படும் இதனை நாம் புலப்பாய்ச்சல் வேறாக்கல் என்று அழைப்போம். கிடிங்ஸ் ஆறுகளில் கயாக் படகு செலுத்துவதிலும் பெயர்பெற்றவர். பெரு நாட்டின் அப்புரிமாக் ஆற்றுப் பயணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளார். ஆற்றின் நடுவிலும் கரையோரத்திலும் நீர் ஒரே வேகத்தில் ஓடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

ஓர் ஒடுங்கிய, தட்டையான கால்வாயைக் கற்பனை செய்யுங்கள். நீளம் ஓர் அடிமட்டம் அளவு, அகலம் 2 சென்ரிமீற்றர், உயரமோ கால் மில்லிமீற்றர் மட்டுமே. இரண்டு தட்டுகளுக்கிடையே நடுவில் வெட்டிய ஒரு மெல்லிய பிளாத்திக்குத் தாளை வைத்து இறுக்கியது போன்ற அமைப்பு அது. இதனூடாக நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகச் செலுத்தப்படும். இவ்வளவு ஒடுங்கிய கால்வாயில் நீர் சுழிக்காது. படைபடையாக, ஒழுங்காக வழுக்கிச் செல்லும். இதனை அருவிக்கோட்டுப் பாய்ச்சல் என்பர். சுவரைத் தொடும் படை அசையாது. நடுப்படை மிக வேகமாகச் செல்லும். அதன் வேகம் சராசரி வேகத்தின் ஒன்றரை மடங்கு. (கித்துல்கலையில் படகோட்டும் இடத்தை இங்கு உதாரணமாக எழுதிவிட வேண்டாம். அங்கு நீர் கொந்தளித்துப் பாய்கின்றது. படைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்படிக் கலந்தால் இம்முறை பலிக்காது.)

வேகம் வேறுபடுகின்ற படைகள் இப்போது உள்ளன. சிறிய துணிக்கைகளை வேகமான படையிலும் பெரியவற்றை மெதுவான படையிலும் ஏற்றிவிட்டால் அவை தாமாகவே பிரிந்துவிடும் அல்லவா? அதை யார் ஏற்றிவிடுவது?

இங்கேதான் குறுக்குப் பாய்ச்சல் வருகின்றது. கால்வாயின் அடிச்சுவர் ஒரு மென்சவ்வினால் ஆனது. நீரும் உப்பும் அதனூடாகச் செல்லும். துணிக்கைகளும் பெரிய மூலக்கூறுகளும் செல்லமாட்டா. நீரின் ஒரு பகுதி கால்வாயின் நீளத்துக்குச் செங்குத்தாக, மென்சவ்வினூடே கீழ்நோக்கி வெளியேறுகின்றது. அது துணிக்கைகளை அடிச்சுவரை நோக்கித் தள்ளுகின்றது. அனைத்துத் துணிக்கைகளும் ஒரே வேகத்திலேயே தள்ளப்படுகின்றன என்பது முக்கியம். நீர் சிறியது பெரியது பார்ப்பதில்லை.

அடிச்சுவரருகே துணிக்கைகள் நெருங்கிச் செறிந்ததும் எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு தொடங்குகின்றது. அதுவே நீங்கள் அறிந்த பரவல். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் துணிக்கைகள் பரவுகின்றன. பரவலோ சிறியது பெரியது பார்க்கும். சிறிய துணிக்கை விரைவாகப் பரவும், பெரியது மந்தமாகப் பரவும். சுவரை நோக்கிக் காற்று வீசும்போது அதற்கெதிராகப் பறக்கும் பூச்சிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுறுசுறுப்பானவை சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும். சோம்பலானவை சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.

ஆகவே தள்ளுதலும் பரவலும் சமநிலையடையும்போது சிறிய துணிக்கைகளின் படலம் தடிப்பாக, உயரமாக அமைகின்றது. பெரியவற்றின் படலம் மெல்லியதாக அடியில் கிடக்கின்றது. உயரமான படலம் வேகமான நீர்ப்படைகளை எட்டுகின்றது. எனவே சிறியவை முதலில் வெளியேறுகின்றன; பெரியவை பின்னர் வருகின்றன.

ஓர் எண்ணுதாரணம் பார்ப்போம். குறுக்குப் பாய்ச்சலின் வேகம் செக்கனுக்கு 3 மைக்ரோமீற்றர் எனக் கொள்க. 25 பாகை செல்சியசில் நீரில், 20 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளின் படலத்தின் சராசரித் தடிப்பு ஏறத்தாழ 8 மைக்ரோமீற்றர் என்று கணிக்கலாம். விட்டம் 100 நனோமீற்றர் ஆயின் அது 1.6 மைக்ரோமீற்றர். 250 மைக்ரோமீற்றர் உயரமான கால்வாயில் இரண்டுமே அடியோடு அடிதான். ஆனாலும் வித்தியாசம் போதும். நீர் கால்வாயைக் கடக்க 1 நிமிடம் எடுக்குமாயின் முதல்வகைத் துணிக்கைகள் ஏறத்தாழ ஐந்தரை நிமிடத்திலும், இரண்டாம் வகை ஏறத்தாழ 26 நிமிடத்திலும் வெளிவரும். விட்டம் 5 மடங்காக, நேரமும் கிட்டத்தட்ட 5 மடங்காகின்றது. அதாவது வெளிவரும் நேரத்தைப் பார்த்தே துணிக்கையின் விட்டத்தைச் சொல்லிவிடலாம். வெளியேறும் முனையில் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது அல்லது சிதறுகின்றது என அளந்து வரைபு பெறுவர்.

குறுக்குப் பாய்ச்சலைப் புலமாகக் கொண்ட இவ்வகையைக் கிடிங்ஸும் அவரது சக ஆய்வாளர்களும் 1976 இல் வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே வைரசுகளை இதனாற் பிரித்துக் காட்டினர். தொடக்கத்தில் மேற்சுவர், அடிச்சுவர் இரண்டும் நீர் புகக்கூடியனவாக இருந்தன. அடிச்சுவர் மட்டும் புகவிடுவதாயிருந்தாற் போதும் என 1987 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் குஸ்தாவ் வாலுண்டும் கிடிங்ஸும் காட்டினர். இன்று விற்பனையாகும் கருவிகளிற் பெரும்பாலானவை இந்த எளிய அமைப்பையே பின்பற்றுகின்றன. இக்கருவியில் மாதிரியை உட்செலுத்தியதும் இருமுனைகளிலிருந்தும் நீரைச் செலுத்தி, துணிக்கைகள் அனைத்தையும் ஒரு மெல்லிய கோட்டில் ஒன்றுசேர்த்துவிட்டே ஓட்டத்தைத் தொடங்குவர். ஓட்டப்போட்டியில் எல்லோரையும் கோட்டில் நிறுத்தாமல் விசில் ஊதினால் யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது?

அதே 1987 இல் ஆற்றுநீருக்கு மண்ணிறம் தரும் ஹியூமிக் அமிலப் பொருள்களின் மூலக்கூற்றுத் திணிவுப் பரம்பலை இம்முறையால் அளந்த ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. அழுகிய இலைகளிலிருந்து வரும் அப்பொருள்கள் எந்த வடிதாளிலும் தங்குவதில்லை. பின்னர் களி, பாற்புரதம், மாப்பொருள், தடுப்பூசிகளில் பயன்படும் நுண் கொழுப்புருண்டைகள், நீரிற் கலந்துள்ள நுண்ணிய பிளாத்திக்குத் துணிக்கைகள் என இதன் பயன்பாடு விரிந்தது.

இறப்பர் பற்றி ஒரு வார்த்தை. பல்பகுதியங்களைப் பிரிக்க நுண்ணிய துளையுள்ள மணிகள் நிரப்பிய குழாயினூடே கரைசலைச் செலுத்தும் முறை மிகப் பரவலாக உண்டு. அதில் சிறிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் நுழைந்து தாமதிக்க, பெரியவை முதலில் வெளிவரும். நமது முறைக்கு நேரெதிர். இயற்கை இறப்பரில் ஒரு பகுதி கரைப்பானில் முற்றாகக் கரையாமல் சளி போலத் தங்கும். அது மணிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். நீண்ட சங்கிலிகள் மணிகளுக்கிடையே நெருக்கப்பட்டு அறுந்துபோகவும் கூடும். திறந்த கால்வாயில் அடைப்பதற்கும் அறுப்பதற்கும் எதுவுமில்லை. இறப்பர் ஆய்வாளர் சிலர் புலப்பாய்ச்சல் முறையை நாடியது இதனாலேயே. இங்கு நீருக்குப் பதிலாகச் சேதனக் கரைப்பான் பயன்படும்.

குறைபாடுகளும் இல்லாமலில்லை. துணிக்கைகள் மென்சவ்வில் ஒட்டிக்கொண்டால் அளவீடு பிழைக்கும். ஓட்டத்தின் முடிவில் மாதிரி மிகவும் ஐதாகிவிடும். ஒரு தடவையில் பிரிக்கக்கூடியது மிகச் சிறிய அளவு. தேயிலை ஸ்டோரைப் போல் தொன் கணக்கில் பிரிக்க இது உதவாது. அத்துடன் விட்டம் ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் ஒழுங்கு தலைகீழாகும். அத்தகைய பெரிய துணிக்கைகள் பரவுவது மிகக் குறைவு. அவை சுவரில் உட்கார்ந்தாலும் அவற்றின் உடலே வேகமான படைகளுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அங்கு பெரியதே முந்தி வரும்.

மாதிரி வினா

ஆற்றுநீர் மாதிரி ஒன்றில் 20 நனோமீற்றர் விட்டமுள்ள க, 100 நனோமீற்றர் விட்டமுள்ள ச, 50 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள ட ஆகிய மூவகைத் துணிக்கைகள் உள்ளன.

(அ) துளைப்பருமன் 10 மைக்ரோமீற்றரான வடிதாளால் எதனை அகற்றலாம்?
(ஆ) வடிதிரவம் புலப்பாய்ச்சல் கால்வாயினுட் செலுத்தப்படின் முதலில் வெளியேறுவது எது? காரணம் தருக.
(இ) குறுக்குப் பாய்ச்சலை நிறுத்திவிட்டுச் செலுத்தினால் யாது நிகழும்?
(ஈ) மென்சவ்வுக்குப் பதிலாக 50 நனோமீற்றர் துளையுள்ள சவ்வைப் பொருத்தினால் யாது நிகழும்?

விடைகள்

(அ) ட மட்டும்.

(ஆ) க. அது விரைவாகப் பரவுவதால் அதன் படலம் சுவரிலிருந்து உயர்ந்து, வேகமான நீர்ப்படைகளை அடைகின்றது. "சிறியது இலேசானது, ஆகையால் வேகமாகச் செல்லும்" என எழுதினால் புள்ளி இல்லை. இங்கு நிறைக்கு வேலையில்லை.

(இ) இரு வகைத் துணிக்கைகளும் கால்வாயின் முழு உயரத்துக்கும் பரவி நீரின் சராசரி வேகத்திலேயே செல்லும். பிரியாமல் ஒன்றாக வெளிவரும்.

(ஈ) க குறுக்குப் பாய்ச்சலுடன் சவ்வினூடே வெளியேறிவிடும். ச மட்டும் கால்வாயின் முனையில் பெறப்படும். இச்சந்தர்ப்பத்தில் க, ச ஆகியவற்றைப் பிரித்தது பரவல் அன்று, சவ்வின் துளை ஆகும். அது ஸ்டோரில் நடக்கும் அரிப்பைப் போன்றது.